நிமிடத்துக்கு ஐந்து மில்லி

லாரியைக் கொரடாச்சேரியில் மறித்துவிட்டார்கள்.
சவரிமுத்து போனில் சொன்னது இவ்வளவுதான்:
"சிலிண்டர்ல மீத்தேன்னு எழுதிருக்கு மேடம்."

வேறு ஊரில் அது ஒரு வேதிப்பெயர்.
இங்கே அந்தச் சொல்லுக்கு
வழக்கு எண் உண்டு, பந்தல் உண்டு,
கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு மழைநாள் உண்டு.
நானும் அன்று நின்றவள்தான். பிளஸ் டூ.
ரெக்கார்ட் நோட்டின் பின்னட்டையைக் கிழித்து
ஸ்கெட்ச் பேனாவால் எழுதியதில்
'மீ' மட்டும் கரைந்து போயிற்று.

நிஜாமுதீனின் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது
டீக்கடை பெஞ்சில் லாரிச் சாவி.
சிவப்புச் சிலிண்டரைச் சுற்றி
நடவு வயலிலிருந்து நேராக வந்த கால்கள்.
"எடுக்க வரலீங்க, கொண்டு வர்றோம்" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

செங்கமலம் என்றொரு அம்மாள், சங்கத்தின் பொருளாளராம்,
கணக்கு நோட்டைப் பாலிதீன் பைக்குள் வைத்திருந்தார்.
"இதை வச்சு என்ன செய்வீங்க?"

சொன்னேன்:
குவார்ட்ஸ் குழாய். உள்ளே விரலகலச் செப்புத் தாள்.
காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆயிரம் டிகிரி.
ஆர்கான், கொஞ்சம் ஹைட்ரஜன்,
அப்புறம் இது, நிமிடத்துக்கு ஐந்து மில்லி.
சூட்டில் செம்பைத் தொட்டதும் உடையும்,
கரி மட்டும் தங்கும்.
ஓர் அணு உயரத்துக்கு ஒரு தோல்.

"வண்டல் மாதிரி" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.
எல்லாரும் சொல்வது.
ஆய்வுச் சுருக்கத்தில் நானே ஒருமுறை எழுதி அடித்தது.
வண்டல் வண்டலாகவே வருகிறது,
குடகிலிருந்து நடந்து, அசந்து, உட்கார்கிறது.
இது வரும்போது இதுவல்ல.
வந்த இடத்தில் உடைந்து
அங்கேதான் இதுவாகிறது.

"எதுக்காக?"
"உப்புத் தண்ணியிலயும் செம்பு களிம்பேறாம இருக்க."
செம்புக்குக் களிம்பு கூடப்பிறந்தது என்பது
இந்தப் பக்கத்துச் சைவம்.
நான் ஆக்சிஜன் என்று எழுதுகிறேன்;
எனக்குப் பட்டம் அதற்குத்தான்.

"ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும்?"
"அரைமணி நேரம். ஒரு காபி டம்ளர்."
அப்போதுதான் சிரித்தார்கள்.
சாவி கை மாறியது.

கிளம்பும்போது செங்கமலம் கேட்டார்:
"இது எங்கேருந்து வருது?"
"குஜராத்."
"அங்க யாரு வயல்லேருந்து?"

மழை பிடித்துக்கொண்டது.

இணைப்புக்கு இணைப்பு சோப்பு நீர் தடவிக்
குமிழி வரவில்லை என்று உறுதி செய்து
ஒன்பதரைக்கு உலையை ஏற்றினோம்.
பதினொன்றரைக்குக் கரண்டு போனது.
ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது நொடி.
குழாயின் ஆரஞ்சு சற்றுச் சோர்ந்து திரும்பி வந்தது.
நோட்டில் குறித்தேன்: 1000, 978, 1000.

காலையில் வெளியே எடுத்தபோது செம்பு செம்பாகவே இருந்தது.
வளர்ந்திருக்கிறதா என்று கண் சொல்லாது.
சூட்டுத் தட்டில் இரண்டு துண்டுகளை வைத்தோம்.
வெறும் செம்பு கத்தரிப்பூ நிறமாகி,
பிறகு கறுத்தது.
மற்றது முகம் மாறவில்லை.
நிஜாமுதீன் மேசையைத் தட்டினான்,
பக்கத்து அறையிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

ஒரு மூலையில் மட்டும் கடுகளவு கறுப்பு.
மைக்ராஸ்கோப்பில்,
இரு பக்கமிருந்தும் வளர்ந்து வந்த படிகங்கள்
கைகோக்காமல் நின்றுபோன கோடு.
அந்த இடுக்கில் காற்று போய்விட்டிருந்தது.
அந்த நாற்பது நொடியாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

பதிவேட்டில் வாயு: மீத்தேன். தூய்மை: 99.995.
மூலம் என்ற கட்டத்தில்
வழக்கமாகக் கம்பெனி பெயரை எழுதிவிடுவோம்.
சவரிமுத்துவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
திருச்சி குடோன் வரைக்கும்தான்
அவருக்குத் தெரியும்.